நீலச் சிறுவன்: கெய்ன்ஸ்பரோ வரைந்த இளங்கனவான் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பளபளக்கும் நீலப் பட்டுடையில், ஒரு கை இடுப்பிலும் மறு கை தொப்பியிலுமாக நம்மை நேராகப் பார்த்து நிற்கும் பையனை ஏதாவதொரு பிஸ்கட் டப்பாவிலோ நாட்காட்டியிலோ பெரும்பாலானோர் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கேள்வி எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அவன் உடையில்தான் வந்து நிற்கிறது என்பதை வாசகர் போகப்போகக் காண்பார்.

இந்தப் படத்தை வரைந்தவர் யார்? எப்போது வரைந்தார்?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள சட்பரி என்ற சிற்றூரில் 1727இல் பிறந்த தாமஸ் கெய்ன்ஸ்பரோ வரைந்தது. அவர் அப்போது பாத் நகரில் குடியிருந்தார். உடல்நலம் தேடி வெந்நீர் ஊற்றுகளுக்கு வரும் பணக்காரர்கள் பொழுதுபோகாமல் தங்கள் உருவத்தையும் வரைவித்துக்கொண்டு போன ஊர் அது. ஓவியருக்குத் தொழில் நன்றாகவே நடந்தது. 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அந்த அகாடமியின் 1770ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இந்தப் படம் 'ஓர் இளங்கனவானின் உருவப்படம்' என்ற பெயரில் வைக்கப்பட்டது. பட்டியலில் பையனின் பெயர் இல்லை. 'நீலச் சிறுவன்' என்பது பின்னால் மக்கள் வாயில் வந்த பெயர். அளவில் கிட்டத்தட்ட ஆளுயரப் படம். எண்ணெய் வண்ணத்தில் கித்தான் மேல் தீட்டப்பட்டது.

அவன் உடுத்தியிருப்பது அந்தக் காலத்து நாகரிக உடைதானா?

இல்லை. படத்தைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களில் இதுவே பெரியது. இடுப்போடு நிற்கும் சாட்டின் மேற்சட்டை, உள்சட்டை தெரியும்படி நீளவாக்கில் கீறிவிட்ட கைகள், தோள்வரை விரிந்து கிடக்கும் லேஸ் கழுத்துப்பட்டை, முழங்காலில் நாடாமுடிச்சு போட்ட கால்சட்டை, வெள்ளைக் காலுறை, இடக்கையின் மேல் மடிந்து விழும் போர்வை, வலக்கையில் வெள்ளை இறகு செருகிய தொப்பி ஆகிய அத்தனையும் 1630களில், முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவையில் வழங்கிய உடையைப் பார்த்துச் செய்தவை. படம் வரையப்பட்டபோது அந்தப் பாணிக்கு வயது ஏறத்தாழ 130. பையனின் கொள்ளுத்தாத்தாவுக்கே அது பழைய மோஸ்தராகத் தோன்றியிருக்கும்.

இந்த உடைக்கு இங்கிலாந்தில் 'வான் டைக் உடை' என்றே பெயர். ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்து சார்லஸ் மன்னரின் அரசவை ஓவியராக இருந்து 1641இல் லண்டனில் இறந்த ஆன்டனி வான் டைக் வரைந்த படங்களிலிருந்து எடுத்த கோலம் என்பதால் அந்தப் பெயர். வேடம் புனைந்து, முகமூடி இட்டு ஆடும் விருந்துகள் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மிகவும் பிரபலம். அவற்றுக்குப் போகிறவர்கள் விரும்பி அணிந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1742இல் எழுதிய கடிதமொன்றில், அத்தகைய விருந்தில் அழகான வான் டைக்குகள் பலர் உலவியதாகவும், பழைய படங்கள் சட்டத்தை விட்டு இறங்கி நடப்பதுபோல் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார். ஆகவே அன்றாடம் தெருவில் போட்டுக்கொண்டு போகும் நாகரிகம் அல்ல இது. வேடமாகப் போட்டுக்கொள்வது நாகரிகமாக இருந்த உடை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் படத்தைப் பற்றிய மற்றச் சிக்கல்கள் பாதி தீர்ந்துவிடும்.

அப்படியானால் 1770இல் நாகரிகமான இளைஞன் எப்படி உடுத்தினான்?

நீண்ட கோட்டு, அதனுள் வேலைப்பாடு செய்த வெயிஸ்ட்கோட்டு, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, மாவு தூவிய தலைமுடி அல்லது பொய்முடி, மூன்று முனை மடித்த தொப்பி என்பதே கண்ணியமானவனின் உடை. இதை எல்லை கடந்து கொண்டுபோனவர்களை 'மக்கரோனி' என்று கேலி செய்தார்கள். இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்து, அந்த ஊர் மாவுப் பண்டத்தின்மீதும் அந்த ஊர் மோஸ்தர்மீதும் மையல் கொண்டு திரும்பிய பணக்காரப் பிள்ளைகளுக்கு வந்த பட்டம் அது. இறுகிப்பிடித்த குட்டைக் கோட்டும், தலைக்கு மேல் கோபுரம்போல் எழுந்த பொய்முடியும் அவர்களின் அடையாளம். 1770களின் தொடக்கத்தில் லண்டனின் டார்லி அச்சுப்படக் கடை அவர்களைக் கேலிசெய்யும் படங்களை அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தது. நீலச் சிறுவனின் தலையிலோ பொய்முடியும் இல்லை, மாவும் இல்லை. சொந்தக் கருமுடி நெற்றியில் விழுந்து கிடக்கிறது. அன்றைய மோஸ்தர் எதுவும் அவன்மேல் படாதவாறு கவனமாகவே பார்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

கெய்ன்ஸ்பரோ இந்தப் பழைய உடையை ஏன் தேர்ந்தெடுத்தார்?

முதல் காரணம், வான் டைக்மீது அவருக்கு இருந்த தீராத பற்று. பாத் நகருக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்து மாளிகைகளில் இருந்த வான் டைக் படங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சிலவற்றைத் தாமே பிரதியெடுக்கவும் செய்தார். 1788இல் மரணப்படுக்கையில் கிடந்தபோது, நாம் எல்லோரும் சொர்க்கத்துக்குத்தான் போகிறோம், வான் டைக்கும் நம்மோடு இருக்கிறார் என்ற பொருள்படச் சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. பக்கிங்ஹாம் பிரபு குடும்பத்துச் சிறுவர்கள் இருவரை வான் டைக் 1635இல் வரைந்த படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிற்கும் தோரணையிலும் பட்டுடையின் மினுக்கத்திலும் உறவு தெளிவாகவே தெரிகிறது.

இரண்டாவது காரணத்தை ஒரு முரணிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். படம் கண்காட்சியில் வைக்கப்பட்ட மறு ஆண்டே, 1771இல், டார்ட்மவுத் பிரபு தம் மனைவியின் படத்தில் முகச்சாயல் சரியாக வரவில்லை என்று குறைபட்டபோது, கெய்ன்ஸ்பரோ அவருக்குக் கடிதம் எழுதுகிறார். ஆட்களுக்குக் கூத்தாடிகளைப்போல் வேடம் போட்டு வரைந்துவிட்டு, அதில் அவர்களின் சாயலை எதிர்பார்ப்பதைவிட அபத்தம் வேறில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். முகம் முகமாகத் தெரிய வேண்டுமானால் அவரவர் வழக்கமாக உடுத்தும் உடையில்தான் வரைய வேண்டும் என்பதே அவர் கொள்கை. அப்படிப்பட்டவர் தலை முதல் கால்வரை வேடம் புனைந்த பையனை வரைந்து, அதையும் நாட்டின் முதன்மையான கண்காட்சிக்கு அனுப்புகிறார் என்றால், அந்தப் படத்தில் முகச்சாயல் அவருடைய முதல் அக்கறை அல்ல என்றுதான் கொள்ள வேண்டும். பட்டுத்துணியை எப்படி வரைகிறேன் பார், வான் டைக் பக்கத்தில் நிற்கத் தகுந்தவன்தானா சொல் என்று லண்டனைக் கேட்ட படம் இது. கட்டுரையாளரின் கருத்து இதுதான். பின்வரும் செய்திகள் இதற்கு வலுச்சேர்க்கின்றன.

உடை அந்தப் பையனுடையதா?

ஓவியரின் பணிக்கூடத்தில் இருந்த உடையாகவே தோன்றுகிறது. இதே உடை, அல்லது அதன் இரட்டை என்று சொல்லத்தக்க உடை, கெய்ன்ஸ்பரோ 1770களில் வரைந்த வேறு இளைஞர் படங்களிலும் வருகிறது. 1776இல் வரைந்த பால் காப் மெத்யூன் படம் ஓர் உதாரணம். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் இதே சட்டையைக் கொண்டுவந்திருக்க முடியாது அல்லவா?

பையன் யார்?

நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த பெயர் ஜோனதன் பட்டால். லண்டனின் சோஹோ பகுதியில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த வசதியான குடும்பத்தின் பிள்ளை, கெய்ன்ஸ்பரோவுக்கு நண்பர், 1796இல் நொடித்துப்போய்த் தம் உடைமைகளை விற்கும்வரை இந்தப் படம் அவரிடம்தான் இருந்தது. படம் யாரிடம் இருந்ததோ அவரே படத்தில் இருப்பவர் என்று பிற்காலத்தார் முடிவுகட்டியது இயல்புதான். இரும்புக்கடைக்காரர் மகனுக்கு இளவரசன் வேடம் போட்டுவிட்ட கதை கேட்பதற்கும் சுவையாக இருந்தது.

இடறுவது வயது. பட்டால் 1752இல் பிறந்தவர். 1770இல் அவருக்கு 18 வயது ஆகிறது. படத்தில் நிற்பவனின் கன்னமும் மோவாயும் 18 வயது இளைஞனுடையவை அல்ல என்று பார்த்தவுடன் தோன்றுகிறது. அதனால் ஆய்வாளர் சூசன் ஸ்லோமன் வேறொரு பெயரை முன்வைத்தார்: கெய்ன்ஸ்பரோவின் சகோதரி மகன் கெய்ன்ஸ்பரோ டுபான்ட். 1754 டிசம்பரில் பிறந்த இவர் சிறுவயதிலேயே மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்து, 1772இல் முறைப்படி மாமனிடமே தொழில் பழகும் சீடரானார். மாமன் அவரை இதே வான் டைக் உடையில் வரைந்த வேறொரு படமும் இருக்கிறது. வீட்டோடு இருக்கும் பையனைக் கூப்பிட்டு, அலமாரியில் கிடந்த உடையை மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கச் சொல்வது எந்த ஓவியருக்கும் எளிது. கூலியும் கொடுக்க வேண்டாம்.

பட்டால் பெயரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எல்லோரும் தயாராக இல்லை. ஆனால் இரு பெயர்களில் எது பொருந்தும் என்று இத்தனை காலம் வழக்காட முடிவதே, முகம் இந்தப் படத்தில் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று. அது வான் டைக் உடை என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் எழுந்ததில்லை.

படத்துக்கு அடியில் வேறொரு படம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 1939இல் எடுத்த எக்ஸ்ரேயில், பையனுக்கு அடியில் வயதில் மூத்த ஓர் ஆணின் உருவம் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்டிருப்பது தெரிந்தது. பணம் கொடுத்து வரையச் சொன்ன வாடிக்கையாளருக்கு, அதிலும் ஆளுயரப் படம் கேட்டவருக்கு, பழைய கித்தானை மீண்டும் பயன்படுத்துவது வழக்கம் அல்ல. ஓவியர் தம் விருப்பத்துக்காக, தம் செலவில் வரைந்த படம் இது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

1994இல் எடுத்த எக்ஸ்ரேயில் இன்னொன்று அகப்பட்டது: பையனின் காலடியில் சடைமுடி தொங்கும் வெள்ளை நாய். கெய்ன்ஸ்பரோ நாய்களை மிக நன்றாக வரையக்கூடியவர், அதனால் கைவராமல் அழித்தார் என்று சொல்ல முடியாது. இறகு, காலுறை, லேஸ் என்று ஏற்கெனவே வெண்மை மூன்று இடங்களில் பளிச்சிடும்போது, தரையில் நான்காவதாக ஒரு வெள்ளைக் குவியல் இருந்தால் கண் பட்டுடையை விட்டு நாயிடம் போய்விடும். அது தெரிந்து பாறைகளை அதன்மேல் வரைந்து மூடிவிட்டார் என்று கொள்வதே பொருத்தம். இன்று அந்த இடத்தில் பழுப்புக் கற்கள் மட்டுமே தெரிகின்றன.

நீலத்தைப் படத்தின் நடுவில் வைக்கக் கூடாது என்று சொன்ன ரெனால்ட்ஸுக்குச் சவால் விட்டு வரைந்ததா?

கதை நன்றாக இருக்கிறது, காலம்தான் இடிக்கிறது. ராயல் அகாடமியின் தலைவரும் கெய்ன்ஸ்பரோவின் போட்டியாளருமான ஜோஷுவா ரெனால்ட்ஸ், படத்தில் ஒளி திரளும் பகுதிகள் மஞ்சள், சிவப்பு போன்ற வெம்மை நிறங்களில் இருக்க வேண்டும், நீலமும் சாம்பலும் பச்சையும் அவற்றுக்குத் துணையாக ஓரமாய் நிற்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சொற்பொழிவு 1778 டிசம்பரில் நிகழ்ந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நீலச் சிறுவன் சுவரில் தொங்கியாயிற்று. வேண்டுமானால் ரெனால்ட்ஸ் இந்தப் படத்தை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று கதையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஆதாரம் கிடையாது.

கதை பொய்யானாலும் படம் அந்த விதியைக் கவிழ்த்துப்போடுவது மெய். நடுவில் குளிர்ந்த நீலம் நிற்கிறது. வெம்மையான பழுப்பும் மங்கிய மஞ்சளும் பின்னணிக்குப் போய்விட்டன. மேகம் கவிந்த வானத்திலும் அந்த நீலம் கொஞ்சம் கரைந்து பரவியிருப்பதால்தான் பையன் வெட்டி ஒட்டியதுபோல் தெரியவில்லை.

சாட்டின் இவ்வளவு உயிரோடு தெரிவது எப்படி?

அன்றைய உருவப்பட ஓவியர்கள் பலர் முகத்தையும் கையையும் மட்டும் தாங்கள் வரைந்துவிட்டு, உடையை வரைவதற்கென்றே இருந்த ஆட்களிடம் படத்தை அனுப்பிவிடுவார்கள். ரெனால்ட்ஸின் பணிக்கூடத்திலும் அதுதான் நடைமுறை. கெய்ன்ஸ்பரோ உடையையும் தாமே வரைபவர்; பட்டின் மடிப்பை இன்னொருவர் கையில் விட அவருக்கு மனம் வந்ததில்லை. வண்ணத்தை நீர்போல் நெகிழ்த்திக்கொண்டு, மிக நீண்ட காம்புடைய தூரிகைகளால், சில வேளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைவது அவர் பழக்கம் என்று அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மடங்கி நிற்கும் இடக்கையின் மேற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கடி தூரத்திலிருந்து பார்த்தால் துணி முழங்கையில் கசங்கி, ஒளிபட்ட விளிம்பு வெள்ளிபோல் மின்னுகிறது. மூக்கு படும் அளவுக்கு நெருங்கிப் போனால் துணி மறைந்துவிடுகிறது. கோணல்மாணலாக இழுத்த வெள்ளைக் கீற்றுகள், அவற்றை வெட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் கோடுகள், பச்சை சாய்ந்த நிழல், இடையில் கிட்டத்தட்டக் கருப்பாகிவிட்ட நீலம் என்று தொடர்பற்ற கிறுக்கல்கள்தான் எஞ்சுகின்றன. எந்தக் கீற்றும் மடிப்பின் ஓரத்தை முழுமையாகப் பின்தொடர்வதில்லை. தொடங்கி, பாதியில் நின்று, வேறிடத்தில் மறுபடி எழுகிறது. பின்னால் அடியெடுத்து வைத்தால் அத்தனையும் ஒன்றுகூடி மீண்டும் பட்டாகிவிடுகிறது.

கெய்ன்ஸ்பரோ இறந்த ஆண்டில் அவரைப் பற்றி உரையாற்றிய ரெனால்ட்ஸ் இதைத்தான் சொன்னார்: அருகில் பார்த்தால் தற்செயலாக விழுந்தவைபோல் தோன்றும் அந்த விசித்திரமான கீறல்களும் குறிகளும் உரிய தூரத்தில் ஏதோ மாயத்தால் உருவம் பெற்றுவிடுகின்றன என்று. வாழ்நாள் முழுக்கப் போட்டியிட்டவர் வாயிலிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்கு எடை கூடுதல்.

இங்கிலாந்துப் படம் அமெரிக்காவுக்குப் போனது எப்படி?

பட்டால் நொடித்த பிறகு படம் இரண்டொரு கைகள் மாறியது. அவற்றுள் ஒன்று ஜான் ஹாப்னர் என்ற உருவப்பட ஓவியருடையது. 1809இல் குரோவனர் பிரபு வாங்கினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்திடமே இருந்தது. அந்தக் குடும்பம் பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் பட்டம் பெற்றது. 1857இல் மான்செஸ்டரில் நடந்த பெரிய கலைக் கண்காட்சி உட்படப் பல இடங்களில் காட்டப்பட்டும், அச்சுப் பிரதிகளில் பரவியும், பிரபு வீட்டுப் படம் நாட்டு மக்கள் எல்லோருடைய படமும் ஆகிவிட்டது.

முதல் உலகப் போருக்குப் பின் வரிச்சுமையில் தவித்த ஆங்கிலப் பிரபுக்களிடமிருந்து படங்களை வாங்கி அமெரிக்கக் கோடீஸ்வரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த வியாபாரி ஜோசஃப் டுவீன், 1921இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனிடமிருந்து இதை வாங்கி, கலிஃபோர்னியாவின் ரயில்வே அதிபர் ஹென்றி ஹன்டிங்டனுக்கு விற்றார். விலை 7,28,000 டாலர். அதுவரை ஓர் ஓவியத்துக்கு அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்பட்டதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஹன்டிங்டன் தம்பதி அட்லான்டிக் கப்பலொன்றின் அறையில் இதன் பிரதியைப் பார்த்து, இந்த நீலப் பையன் யார் என்று டுவீனைக் கேட்டதில் தொடங்கியது இந்த வியாபாரம் என்று ஒரு கதை உண்டு. டுவீன் சொல்லிப் பரப்பிய கதைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது.

போவதற்கு முன் 1922 ஜனவரியில் லண்டன் நேஷனல் கேலரியில் மூன்று வாரம் வைத்தார்கள். ஏறத்தாழ 90,000 பேர் வந்து பார்த்தார்கள். கேலரியின் இயக்குநர் சார்ல்ஸ் ஹோம்ஸ் படத்தின் பின்புறத்தில், மீண்டும் சந்திப்போம் என்ற பொருளில் 'ஓ ருவார்' என்று பிரெஞ்சில் எழுதித் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். அந்தச் சந்திப்புக்கு 100 ஆண்டு ஆயிற்று: 2022 ஜனவரி 25 அன்று, லண்டனை விட்டுச் சென்ற அதே தேதியில், அதே கேலரியில் கடனாக வந்து சில மாதம் இருந்து திரும்பியது.

ஹன்டிங்டனின் ஓவியக் கூடத்தில் எதிரே மாட்டப்பட்ட இளஞ்சிவப்புச் சிறுமி அவனுக்கு ஜோடியா?

ஒரு தொடர்பும் இல்லை. 'பிங்கி' என்று அழைக்கப்படும் அந்தப் படம் தாமஸ் லாரன்ஸ் 1794இல் வரைந்தது; அதில் இருப்பவள் ஜமைக்காவில் பிறந்த சாரா பாரட் மௌல்டன். இருவருக்கும் இடையே 24 ஆண்டு இடைவெளி. ஹன்டிங்டன் 1927இல் அதை வாங்கிய பிறகுதான் ஒரே கூடத்துக்கு வந்து, அச்சுக்காரர்கள் புண்ணியத்தில் உலகம் முழுதும் ஜோடியாயின.

2018இல் படத்துக்கு என்ன செய்தார்கள்?

பழைய வார்னிஷ் மஞ்சளித்து நீலத்தை மங்கலாக்கியிருந்தது. முந்தைய பழுதுபார்ப்புகளில் பூசிய வண்ணம் நிறம் மாறியிருந்தது. சில இடங்களில் வண்ணம் பெயர்ந்துவரத் தொடங்கியிருந்தது. 2018 செப்டம்பரில், ஹன்டிங்டன் அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் கிறிஸ்டினா ஓகானல், பார்வையாளர்கள் முன்னிலையிலேயே, உருப்பெருக்கியின் கீழ் அங்குலம் அங்குலமாக வேலையைத் தொடங்கினார். முன்னொரு காலத்தில் 11 அங்குல நீளத்துக்குக் கித்தான் கிழிந்து சரிசெய்யப்பட்டிருந்ததும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. சுத்தம் செய்த பிறகு பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது முகம் அல்ல, உடையின் நீலம்தான்.

படத்தை இப்போது எங்கே பார்க்கலாம்? அதோடு வேறென்ன பார்க்க வேண்டும்?

லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகில் சான் மரினோ என்ற ஊரில், ஹன்டிங்டனின் மாளிகையாக இருந்து 1928இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலியிடம் அந்த அருங்காட்சியகம் கேட்டு வாங்கிய மறுமொழிப் படம் 2021இல் அங்கே திறக்கப்பட்டது. கெய்ன்ஸ்பரோ 1770இல் வைத்த அதே தலைப்பு, கிட்டத்தட்ட அதே அளவு, அதே நிலை. ஆனால் நிற்பவன் கறுப்பின இளைஞன், உடுத்தியிருப்பது டீ-சர்ட்டும் அரைக்கால் சட்டையும். அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிவிட்ட வேடமாக அது தெரியவில்லை. இன்று தெருவில் நடக்கும் ஓர் இளைஞனின் உடையாகவே தெரிகிறது.